மலையிலிருந்து நேரே வீட்டுக்கு

எங்கள் நைனா அவர்கள் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வந்து இலையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கும், வர முடியாமல் தபாலில் இந்த மலரைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கும் அவர் மகளின் வணக்கம். "நைனாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுது" என்று அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலில் அடங்குகிறவரா அவர்? நைனாவுக்குக் கோபம் வந்தால் எங்கள் கடைத் தேங்காய் எல்லாம் தானே உடைந்துகொள்ளும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆசைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அந்த ஆசையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நைனா பிறந்தது திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே உள்ள நம் ஊரில். மீசை முளைக்கும் முன்பே தாய் தகப்பனை இழந்தார். உடன் பிறந்தவர் ஒரே தம்பி. உங்களில் பலருக்கு அவர் பெரியவர். எனக்குச் சின்ன நைனா. களி கிண்டிப் போட்டு, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து, அடித்து, அணைத்து, அந்தத் தம்பியை வளர்த்தவர் நைனாதான். தம்பிக்கு முடி இறக்குகிற வேண்டுதல் பெற்றோர் காலத்திலிருந்தே பாக்கி இருந்தது. அதற்காக அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திருமலை ஏறினார். திரும்பி வரும்போது புத்தூரில் சொந்த அத்தை வீடு. அத்தை வாசலில் நின்று கூப்பிடுகிறாள், உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை. மொட்டைத் தலைப் பிள்ளை பசியில் அழுகிறது. நைனா நிற்கவில்லை.

"சாமி பேர் சொல்லிப் படி தாண்டினா, அடுத்து மிதிக்கிற படி சாமி படி. அதுக்கப்புறம் மிதிக்கிற படி நம்ம வூட்டுப் படி. நடுவுல எந்தப் படியும் கிடையாது. அழாத, வா," என்று தம்பியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நம் வம்சத்துக்கு இது சட்டம் என்று உங்களுக்குத் தெரியும். மலைக்குப் போய் வந்த யாரோ ஒரு முன்னோர் வழியில் மாமியார் வீட்டில் கை நனைத்தாராம், வீட்டுக்கு வருவதற்குள் ஏர் மாடு இரண்டும் செத்துக் கிடந்தனவாம். மாடு எதனால் செத்ததோ, பழி மாமியார் வீட்டுச் சோற்றின் மேல். இந்தச் சட்டத்துக்கு ஒரு வாலும் உண்டு. திருப்பதி வரைக்கும் வந்துவிட்டு மலையேறாமல் திரும்பவும் கூடாது. "அடிவாரத்துல வந்து மொகம் காட்டாம போறியா, பார்த்துக்கினு இருப்பாரு," என்பார்கள்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தபோது நம் ஊரும் அந்தப் பக்கம் சேர்ந்தது. சேர்ந்ததா, இல்லையா என்று சொல்வதற்கே ஆளில்லை. இன்றைக்கு நாம் மெட்ராஸ் என்பார்கள், நாளைக்கு இல்லை என்பார்கள். டீக்கடையில் எல்லையைப் பற்றிப் பேசிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுச் சண்டை வேறு. கிணறு வற்றிப்போய், இருந்த நிலம் இரண்டு குடும்பத்துக்குப் போதாமல் போயிற்று. ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பியே ஆகவேண்டும். அண்ணனாகப் பிறந்த பாவத்துக்கு நைனா கிளம்புவது என்று ஆயிற்று. எங்கே போவது? அம்மா வேலூர் என்றாள். நைனா திருப்பதி என்றார்.

"வேலூர்ல எங்க அண்ணன் கீறாரு. ரைஸ் மில்லுல வேலை வாங்கித் தரேன்றாரு. புள்ளைங்க தமிழ்ல படிக்கும். மலைய பார்த்துத்தான் குடி போவணும்னா அங்கயும் மலை கீது," என்றாள் அம்மா.

"வேலூருக்கு யாரு வருவா? கோர்ட்டு கேசு இருக்கிறவன் வருவான். ஒடம்பு முடியாதவன் வருவான். திருப்பதின்னா நம்ம ஜனம் மொத்தமும் வருஷத்துக்கு ஒரு தபா வந்துதானே ஆவணும்? நாம யாரையும் தேடிக்கினு போவ வேணாம். வாசல்ல குந்திக்கினா போதும், எல்லாரும் வருவாங்க. தம்பி புரட்டாசி தவறாம வருவான். நம்ம வூட்டுல துன்னுட்டு, படுத்து எழுந்து, நாலு நாள் இருந்துட்டுப் போவான். இதவிட இன்னா வேணும் எனக்கு?"

அம்மா சாமான் கட்டப் போய்விட்டாள். நான் சிறு பெண். ஊர்ப் பெரியவர்களுக்கும், சின்ன நைனாவுக்கும்கூட அந்தக் கணக்கில் குற்றம் தெரியவில்லை. மலைக்குப் போய் வருவது எப்படி என்று பிறந்த நாள் முதல் தெரிந்த ஜனம்தான் அத்தனை பேரும். எங்கே போயிற்று எல்லோருடைய புத்தியும்?

கிளம்புவதற்கு முன்னால் பங்காளிகள் கூடி, நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டு போவதுதான் முறை என்றார்கள். நைனாவுக்கு வந்ததே கோபம்.

"ராஜ்யம் பிரிஞ்சா பிரிஞ்சிட்டுப் போவட்டும். நானும் என் தம்பியும் பிரியறதா இல்ல. இன்னொரு தபா அந்தப் பேச்சை எடுத்தா இங்கயே ரெண்டுல ஒண்ணு ஆயிடும்."

சின்ன நைனா அழுதார். பாகம் பிரிக்கவே இல்லை, கடைசி வரைக்கும்.

திருப்பதியில் ஸ்டேஷனுக்கு அருகே தேங்காய் பழக்கடை. பின் தெருவில் ஒரு போர்ஷன் வீடு. நாங்கள் பேசுவதைக் கேட்டு, "மீரு அரவவாள்ளா?" என்று தமிழர்களா நீங்கள் என விசாரித்த பக்கத்து வீட்டு அம்மாள் அன்றைக்கே ஒரு கிண்ணம் கோங்கூரா பச்சடி, நம் புளிச்சக்கீரைதான், கொடுத்தாள். நைனாவுக்குத் தெலுங்கு கடை வாசலிலேயே வந்துவிட்டது. காலையில் கடை திறந்ததும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். முதல் லாபத்தில் அவர் வாங்கியது பாத்திரமல்ல, பண்டமல்ல. உட்கார்ந்து சாப்பிடப் பலாமரத்தில் இரண்டு பலகை. ஒன்று அவருக்கு, ஒன்று தம்பிக்கு. ஊரில் அண்ணன் தம்பி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். தம்பியின் பலகையில் எங்களை உட்கார விடமாட்டார்.

முதல் புரட்டாசி வந்தது. ஊர் ஜனத்தோடு சின்ன நைனா மஞ்சள் வேட்டியில் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நேரே மலைக்குப் போனார். சரி, சாமிதானே முதலில். மறுநாள் இறங்குவார் என்று அம்மா விடிய எழுந்து கத்தரிக்காய்க் காரக்குழம்பு, பருப்பு வடை, பாயசம் என்று அடுப்போடு போராடினாள். நைனா இரண்டு பலகையையும் துடைத்துப் போட்டுவிட்டு, தெருமுனைக்குப் போய்த் தம்பியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வாசல் வரைக்கும் வந்த சின்ன நைனாவின் கால் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"அண்ணா, மலையிலிருந்து வந்துகினு கீறேனே."

 நைனாவின் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"நீ தானே அண்ணா சொல்லிக் குடுத்த? புத்தூர்ல, அத்தை வூட்டு வாசல்ல," என்றார் சின்ன நைனா, மெதுவாக.

"அப்ப அடுத்த தபா மொதல்ல நம்ம வூட்டுக்கு வந்துட்டு மலை ஏறலாமே தம்பி," என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"எப்படி அண்ணி? சாமி பேர் சொல்லித்தானே படி தாண்டறேன்?"

"சாமி பேர் சொல்லாம சும்மா வாயேன்."

"திருப்பதிக்கு வந்துட்டு மலை ஏறாம போறதா?" சின்ன நைனாவுக்கே அழுகை வந்துவிட்டது. போகவும் கூடாது, வரவும் கூடாது, நிற்கவும் கூடாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஊர் ஜனம் கூப்பிட்டது. அவர் போனபிறகு அம்மா குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "வேலூர் போயிருந்தா சோறு துன்னுட்டாவது போயிருப்பாரு," என்றாள். முதலும் கடைசியுமாக அன்றைக்கு நைனா அம்மாவுக்குத் திருப்பிப் பேசவில்லை.

அடுத்த புரட்டாசியில் நைனா ஸ்டேஷனுக்கே போய்விட்டார். பிளாட்பாரம் யார் வீடும் இல்லையே. தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனார். சின்ன நைனா மூடியைத் திறந்து வாசனை பார்த்துவிட்டு, "இது அண்ணி அடுப்புல வெந்தது, வூட்டுல கை நனைச்ச மாதிரிதானே," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் இருவரும் யோசித்து ஒரு வழி கண்டார்கள். பழத்துக்கு அடுப்பு இல்லை. அன்று முதல் ஒவ்வொரு புரட்டாசியும் கடையில் உள்ளதிலேயே நல்ல சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு நைனா பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார். ரயில் வரும்வரை இருவரும் பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு மழை, மாடு, கிணறு என்று பேசுவார்கள். தம்பி லட்டு கொடுப்பார். ரயில் கிளம்பும். நைனா தோலை எல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு மெதுவாகக் கடைக்கு வருவார். அன்றைக்கு வியாபாரத்தில் விலை கேட்கிறவர்களுக்குப் பதிலே இருக்காது.

பிறகு எல்லை முடிவாயிற்று. நம் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திராவில். "அது மெட்ராஸ் பலகை, யாரும் தொடக் கூடாது," என்று அம்மா தம்பியின் பலகையைக் காட்டிக் கேலி செய்வாள். நைனாவும் சிரிப்பார். ஊருக்கு நைனா போகாமலில்லை; நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போனார். தம்பி வரவேண்டுமே என்று என் கல்யாணத்தையும் ஊரிலேயே வைத்தார். போகிற இடத்திலெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் தான் பிழைத்த ஊரில், தான் சம்பாதித்த வீட்டில், தான் வாங்கிய பலகையில் தம்பி உட்கார்ந்து ஒருவாய் சாப்பிடவேண்டும் என்பது அவருக்கு வேறு ஆசை. அதை எதைக் கொண்டும் ஈடு செய்ய முடியவில்லை. போர்ஷன் போய்ச் சொந்த வீடு வந்தது. கடை இரண்டாயிற்று. நாங்கள் எல்லோரும் சுகமாகத்தான் இருந்தோம். "நான் தப்பான ஊருக்கு வந்துட்டனா?" என்று எப்போதாவது கேட்பார். யாரைக் கேட்டார் என்று தெரியாது.

கடைசிப் புரட்டாசியில் நைனாவால் எழ முடியவில்லை. பழத்தை அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்.

"எனக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிடாத. கடையில கூட்டம்னு சொல்லு. சாமி பேர் சொல்லி வந்தவன் வழியில மனசு ஒடிஞ்சு நிக்கக் கூடாது."

அன்று முழுக்கக் கட்டிலை வாசலைப் பார்க்கப் போடச் சொன்னார். தெருவில் போகிற ஒவ்வொரு கோவிந்தா சத்தத்துக்கும் தலையைத் தூக்கினார். அண்ணன் திரும்பியதும், "பழம் துன்னானா?" என்று மட்டும் கேட்டார். தையில் ஒரு காலையில், அம்மா கொடுத்த காபியை அரை டம்ளர் குடித்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

சின்ன நைனா வந்தார். சாவுக்கு வருகிறவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. எத்தனையோ வருடம் தாண்டாத படியை அலறிக்கொண்டு தாண்டினார்.

கருமாதியன்று காரியம் செய்விக்க வந்த பெரியவர் தீட்டுக் கழிப்பதைப் பற்றிச் சின்ன நைனாவிடம் விசாரித்தார். "நீங்க பாகம் பிரிஞ்ச பங்காளியா, பிரியாதவங்களா? பிரிஞ்சிருந்தா உங்க வூட்டுல தனியா கழிக்கணும்."

"பிரியலைங்க. நானும் எங்க அண்ணனும் ஒரே வூடு," என்றார் சின்ன நைனா.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி, ஒரே வூடுதானே? அப்ப இந்தப் படி என் வூட்டுப் படிதானே? மலையிலிருந்து நேரா நான் இங்க வந்திருக்கலாமே, அண்ணி!"

அம்மா என்ன சொல்வாள்? "அவருக்கும் தோணலையே தம்பி. நம்ம யாருக்குமே தோணலையே," என்று சொல்லிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பலகையைக் கொண்டுவந்து போட்டாள். ஒன்றை அல்ல, இரண்டையும். சின்ன நைனா தன்னுடையதில் உட்கார்ந்தார். பக்கத்துப் பலகைக்கும் இலை போடச் சொன்னார்.

தீட்டில் மலையேறக் கூடாது, முகம் காட்டாமல் திரும்பினாலும் குற்றமில்லை; அதனால் இந்த ஓராண்டு நம் பங்காளிகள் யாரும் மலையேறவில்லை. போன புரட்டாசியில் ஸ்டேஷனில் நம் ஊர்க் கூட்டம் இறங்கவில்லை. ஆனால் திருப்பதிக்கு வந்த நம் ஜனம் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்கு மட்டுமே வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், படுத்து எழுந்தீர்கள். நைனா சொன்னபடியே நடந்தது. அவர்தான் இல்லை.

நைனாவின் கடைசி நாட்களில் மருந்து வாங்கி ஓடிய கடைப் பிள்ளைகளுக்கும், தெலுங்கில் எங்களைத் தேற்றித் தமிழில் அழுத பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், நெடுந்தூரம் ரயிலேறி வந்து தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்றோடு தீட்டு முடிகிறது. இனி நீங்கள் மலையேறலாம்.

சின்ன நைனா அடுத்த வாரம் ஏறுகிறார். இறங்கி நேரே வீட்டுக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பலகை இரண்டையும் அம்மா நேற்றே கழுவி வெயிலில் வைத்துவிட்டாள்.