பாதியில் நின்ற சாட்சி

"சலோமி அக்கா போய்ட்டாங்க" என்று போனில் சொன்ன தோழி, உடனே வைத்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை. முந்தின ஞாயிறுதான் திருவொற்றியூரில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடினார். மாரடைப்பு என்றார்கள். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தவர். வாய் கொஞ்சம் நீளம். பாட்டில் நான் ராகம் தப்பினால் இடுப்பில் கிள்ளிவிடுவார். அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவர், ஒரு காலத்தில் மொடாக்குடியர். கடவுள் செய்த நன்மை என்று அவர் குடியிலிருந்து மீண்ட கதையைச் சபையில் சொல்வதுதான் அக்காவின் சாட்சி.

ஆண்டுதோறும் நன்றி செலுத்தும் ஸ்தோத்திரக் கூடுகையில் அதைச் சொல்வார். அண்ணன் தாலியை விற்றுக் குடித்தது, மழையில் ரோட்டோரம் கிடந்தது, கடைசியில் பாட்டிலைத் தானே போட்டு உடைத்தது. கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் அழுவோம். ராயபுரத்திலிருந்தெல்லாம் வேறு சபையார் வந்து அழைத்துப் போவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடுகையில் அக்கா அந்தச் சாட்சியைப் பாதியில் நிறுத்தினார்.

"எந்த எடத்துல நீங்க அழுவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த எடம் வந்தா எனக்கும் தானா கண்ணு கலங்குது. ஆனா உள்ள ஒன்னியும் இல்ல. ஜெபத்துல உக்காந்தா தூக்கந்தான் வருது. இவரு நேத்துகூட பஸ் ஸ்டாப்பாண்ட கீற சாராயக் கடைய தாண்ட பயந்துகினு, வேற தெருவுல சுத்தி வூட்டுக்கு வந்தாரு. நான் இன்னாடான்னா, எல்லாம் முடிஞ்சிபோன கதைய சொல்லிக்கினு கீறேன்."

ஆண்கள் பக்கத்தில் சாமுவேல் அண்ணன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கச் சொன்னார். 'விசுவாசத்துலேர்ந்து பின்வாங்கிப் போய்ட்டாங்க' என்று வாசலிலேயே பேச்சு எழுந்தது. அதன் பிறகு எந்தச் சபையும் அக்காவைக் கூப்பிடவில்லை. எனக்கும் கோபம்தான்.

"இன்னாக்கா, புருஷன் மானத்த இப்டி வாங்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவரு சொல்லச் சொல்லித்தான் சொன்னேன். நேத்து அடுப்பு எரிஞ்சிச்சின்னு இன்னிக்கி சோறு வேவுமாடி?" என்றார்.

அதற்குப் பின் தினமும் மாலையில் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்க்கலாம். எதிரே அந்தக் கடை. அண்ணன் இறங்கியதும் இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். "புதுப்பொண்ணு கணக்கா நிக்கிறீங்களே, யாருக்கா ஹீரோ?" என்று சீண்டுவேன். "எங்கூட்டு ஹீரோதான். வில்லன் எதிர்ல கடை தொறந்து வச்சிக்கினு கீறான்ல" என்பார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அது எவ்வளவு பெரிய காவல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடக்கத்துக்குச் சில நாள் கழித்து நடந்த நினைவு ஆராதனையில், அக்காவின் பழைய சாட்சியைச் சொல்லும்படி போதகர் அண்ணனை அழைத்தார். அவர் வந்து மைக்கைப் பிடித்தார்.

"அது நேத்தைய கத, ஐயா. நேத்து சாயங்காலம் பஸ்ஸ வுட்டு எறங்குனேன். அவ இல்ல. கடைக்குள்ள போய்ட்டேன். கையில துட்டு எடுத்துட்டேன். எப்டியோ வெளிய வந்துட்டேன். இன்னிக்கி இன்னா பண்ணுவேன்னு தெரியல. எனக்கு பயமா கீது."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். எங்களுக்கும் அழுகை வந்தது. எந்த இடத்தில் அழ வேண்டும் என்று அன்று யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

சலோமி அக்கா, போய் வாருங்கள். நீங்கள் இல்லாத துக்கம் ஆறவே இல்லை. அண்ணன் இன்று குடிக்கவில்லை. நாளையைப் பற்றி என்னால் சாட்சி சொல்ல முடியாது.