பந்தக்கால் நட இடமில்லாத வீடு

வியாழன் காலை ஆறரைக்கு மெயில் ரயில் என்னைப் பெங்களூர் கண்டோன்மெண்டில் இறக்கிவிட்டது. தங்கை மகள் சரோஜாவின் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். அன்று ஒன்பதுக்குள் பந்தக்கால் நட வேண்டும், தாய்மாமன் நான். தங்கை வீடு இருந்த அல்சூர் இரண்டரை மைல். ஜட்காக்காரர் பன்னிரண்டணாவில் தொடங்கிப் பத்தணாவுக்கு இறங்கினார்.

"புது கவர்மெண்ட் கோட்ரஸா சாப்? அச்சா பில்டிங். கோயில் மாதிரி கீது."

பொய்யில்லை. மூன்று மாடிச் சிமெண்டுக் கட்டடத்தின் முகப்பில் குட்டிக் கோபுரம், தாமரை, இரண்டு யானை. வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி நம் மரபில் கட்டுவோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதை அச்சில் வார்த்து ஒட்டியிருந்தார்கள். ஏரிக்கரையில் ஓட்டு வீடுகளில் இருந்த குடும்பங்களை எழுப்பி இங்கே குடியேற்றியிருந்தார்கள். அரசாங்கக் கட்டட இலாகாவில் வரைபடம் போடுகிறவன் நான். ஒரு நிமிஷம் ரசித்துத்தான் நின்றேன்.

ஏழேகாலுக்கு உள்ளே போனால் தங்கை கண்ணம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய மூங்கில் சுவரில் சாய்ந்து கிடந்தது. முற்றம் முழுக்கச் சிமெண்டு. தேடிப் பார்த்தாலும் ஒரு சாண் மண் இல்லை.

"எண்ணெய் டின்ல மண்ணு ரொப்பி நட்டுக்கச் சொல்றார்ணா சூப்பர்வைசர். பூமியில நிக்காதது என்ன பந்தக்கால்? நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா ஊரு என்னைத்தானே கேக்கும்?"

சூப்பர்வைசர் நோட்டும் கையுமாக வந்தார். "ஆகல்ல ஸ்வாமி, முடியாது. தளத்தை ஒடைச்சா அலாட்மெண்ட் கேன்சல். இதெல்லாம் பழைய சம்பிரதாயம்."

"அப்போ வாசல்ல யானை எதுக்கு?" என்றேன்.

"அது டிசைன்ல இருக்கு ஸ்வாமி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரபு சுவரில் இருக்கலாமாம், மனிதர் வாழும் வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம்! தலை குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். வேறு நிறத்தில் வட்ட வட்டமாக நான்கு ஒட்டுப் பூச்சு.

"இது என்ன கண்ணம்மா?"

"மந்திரி திறப்பு விழாவுக்கு வந்தாரே, அவருக்குப் பந்தல் போட்ட குழிண்ணா. அப்புறம் பூசிட்டாங்க."

சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்தார். நான் பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்தேன். கண்ணம்மாவின் புருஷன் முனுசாமி கையைப் பிடித்தார். "வேணாம் மச்சான், வீடு போயிடும்."

"ஒடைக்கிறது நீங்க இல்ல, நான்." சூப்பர்வைசரிடம் என் பெயரையும் ஆபீசையும் சொன்னேன். "மெட்ராஸ்காரன் ஒடைச்சான்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். நாலே குத்து, பூச்சு பெயர்ந்து செம்மண் தெரிந்தது. எட்டே முக்காலுக்குப் பெண்கள் பால் ஊற்றி, நவதானியம் போட, நான் கம்பத்தை நிறுத்தினேன். சரோஜா ஜன்னல் வழியாகச் சிரித்தாள்.

ஞாயிறு முகூர்த்தம் முடிந்து ரயிலேறினேன். கோபம் மட்டும் ஜோலார்பேட்டை தாண்டியும் தணியவில்லை. திங்கள் பத்து மணிக்கு என் மேஜையில் விரித்துக் கிடந்தது ஒரு தொழிலாளர் குடியிருப்பின் வரைபடம். முற்றத்தில் 'சிமெண்டுத் தளம்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் மையால் ஒரு வட்டம் போட்டேன்.

"என்னய்யா இது, சாக்கடை ஓட்டையா?" என்றார் என்ஜினியர்.

"பந்தக்கால் குழி சார்."

"சுரண்டு."

பிளேடு எடுத்துச் சுரண்டினேன். பெங்களூரில் கடப்பாரை பிடித்த அதே கைதான்.

வெள்ளிக்கிழமை கண்ணம்மாவின் கார்டு வந்தது. "வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணா. குழியை மட்டும் பூசிவிட்டார்கள். எந்த இடம் என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். சின்னவள் கல்யாணத்துக்கு வேண்டுமே."