நாக்கைத் தட்டி எழுப்பிய பெட்டி

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தையைக் கடலோர ரயில் கடந்து போனதும் ஒரு மௌனம் விழும். இன்றைக்கும் அந்த மௌனத்தில் என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்குகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று... யுத்த காலத்தில் அப்படித்தான் என் கணவரின் மூச்சுக்காக எண்ணிக்கொண்டு கிடந்தேன். குறட்டை சட்டென்று அறும், மார்பு அசையாது. இருபது வரை எண்ணியும் மூச்சு வராவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவேன். கல்யாணமாகி இரண்டாவது வருடம். நான் கண்ணயர்ந்தால் இவர் போய்விடுவார் என்ற பயம்.

நித்திரையில் நாக்குத் தசை தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்றார் டாக்டர். கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே தசைப் பயிற்சி கொடுக்கும் ஓர் அக்கா, நரம்பைத் தூண்டும் சின்ன மின்பெட்டியொன்றை ஒரு மாதத்துக்கு இரவல் தந்தார். வயர் நுனியிலுள்ள இரண்டு ஒட்டுத் துண்டுகளை நாடிக்குக் கீழே, தாடையின் அடியில் ஒட்டி விசையைத் திருகினால் நாக்கு தானாக முன்னே வரும். தினமும் பகலில் இருபது நிமிடம்.

“பெட்டியையும், அது என்னத்துக்கெண்டு நான் எழுதின இந்தக் கடிதத்தையும் பையில மேலாக வைச்சுக்கொண்டு போங்கோ. ஒளிக்காதேங்கோ” என்றார் அக்கா.

வயரும் பற்றரியும்! பார்க்கிறவன் குண்டென்றுதானே நினைப்பான்? மேலாக வைப்பதா? அக்கா உள்ளே போன நேரம், கூட வந்த இவருக்கும் தெரியாமல், பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, கையோடு கொண்டுபோயிருந்த சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் இறக்கி, மேல்தட்டில் மத்தியானத்து மிச்சப் புட்டை நிரப்பினேன். அந்த அவசரத்தில் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் கேரியரைத் தட்டுத் தட்டாகக் கழற்றினான். வயரைக் கண்டதும் அவன் தோளில் தொங்கிய துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது.

“என்ன வேலையப்பா பாத்து வைச்சிருக்கிறீர்?” இவர் பல்லைக் கடித்தார்.

கந்தோரில் வேலை செய்து பழகிய சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினார். அவன் நம்பவில்லை. கடைசியில் அனுமதி கேட்டு, துண்டுகளை நாடிக்குக் கீழே ஒட்டி, விசையைத் திருகினார். நாக்கு மெல்ல வெளியே வந்து, சிப்பாயின் முகத்துக்கு நேரே நின்றது.

வரிசையில் ஒருவரும் அசையவில்லை. நான் எண்ணினேன். ஐந்தில் அவன் வெடித்துச் சிரித்தான்.

அவனுடைய தகப்பனுக்கும் இதே வியாதியாம். ஊரில் அம்மா தூங்காமல் காவல் இருக்கிறாளாம். சொல்லிக்கொண்டே கேரியரை மூடித் தந்து எங்களைப் போகவிட்டான்.

முதல் வாரம் இவருக்கு நாக்கு கனத்தது. “நாக்கு உளையுதப்பா, கதைக்க ஏலாமல் கிடக்கு.”

“நல்லது. கொஞ்ச நாளைக்கு என்னோட சண்டைக்கு வரமாட்டியள்.”

மூன்றாவது வாரம் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டவில்லை. பிறகொரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில். எண்ண மறந்து நான் தூங்கியிருந்தேன். பக்கத்தில் இவர் மூச்சு, அலை மாதிரி வந்து வந்து போனது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றும் அதே சாவடி, அதே சிப்பாய். இம்முறை பெட்டி பையில் மேலாக இருந்தது. அவன் பையைத் தொடவேயில்லை. தனக்குத் தெரிந்த அரைத் தமிழில், சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டு, இவரைக் கேட்டான்.

“அய்யே, இப்ப தூக்கம் நல்லமா?”

“ஓம் மல்லி, நல்லம்.” இவரும் சிங்களத்திலேயே அவனைத் தம்பியாக்கிவிட்டார்.

நாங்கள் ஏறியதும் பஸ் நகர்ந்தது. அவன் ஜன்னலோடு சேர்ந்து நடந்து வந்து, என்னைப் பார்த்தான்.

“அக்காவுக்கு?”

“எனக்கும்தான், மல்லி.”