நீரோட்டத்தில் பழி போடாதவர்

துறைமுகத்தில் தடை செய்த எல்லைக்குள் வலை விட்டுப் பிடிபட்டு, மீன்பிடி அனுமதியே போய்விடுமோ என்ற பயத்தோடு அதிகாரியின் கந்தோர் வாசலில் வாங்குப் பலகையில் இருந்தோம், நானும் வேறு படகில் பிடிபட்ட ஒருவரும். என்னைவிட இளையவர், ஒல்லி. சட்டைப்பையில் பொலித்தீன் சுற்றிய சின்ன வேதாகமம். நான் பீடிக்கட்டைத் தடவுவதுபோல அவர் அதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்.

"நீரோட்டம் இழுத்ததெண்டு சொல்லும் தம்பி." விடியவிருந்து நான் பாடமாக்கிய பொய் அது.

"ஏலாது அண்ணை. ஆதாம் மனுசியில பழியைப் போட்டார், ஏதேன் தோட்டமே போச்சு. தாவீது ராசா 'நான் பாவம் செய்தனான்' எண்டு ஒத்துக்கொண்டவர்."

"அவரைச் சும்மா விட்டாச்சோ?"

"மன்னிப்பும் கிடைச்சது, அடியும் கிடைச்சது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "பிழை விட்டனான் ஐயா, அனுமதியை மட்டும் பறிக்காதேங்கோ" என்று கெஞ்சுவது வெளியே கேட்டது. ஒரு மாதத் தடையோடு திரும்பினார். முகமோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி.

வாசலில் கிடந்த அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே என்னுடையதையும் கழற்றிவிட்டுப் போனேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் நீரோட்டம் மறந்துபோனது. "நான்தான் ஐயா" என்றது வாய். எனக்கும் ஒரு மாதம்.

வெளியே வந்தால் என் புதுச் செருப்பைக் காணவில்லை. திட்ட வாயெடுக்க, பஸ் தரிப்பிலிருந்து அவர் ஓடி வந்தார்.

"அண்ணை, மாறிப் போட்டிட்டன். நான்தான்!"

அந்த ஒரு மாதமும் கரையில் சும்மா இருந்து அவரைத் திட்டப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது.