சூரியன் போட்ட கவர்

எனக்கு வாய் நீளம். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். என் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு மாத்திரை எடுக்கும்போதே, முன்னால் போனவருக்குச் சரியாகக் கொடுத்தேனா, வீட்டில் கேஸை மூடினேனா, காலையில் மாமியார் சொன்னதற்கு என்ன திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லாம் ஒன்றாக ஓடும். அதற்கு இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். திருநெல்வேலியில் போய் வாங்கி, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அதே மாத்திரை எங்கள் கடையிலேயே இருக்கிறது. வாங்க மாட்டேன்.

போன ஆடியில் ஒரு நாள் பதினொன்றரை மணிக்குக் குருவிகுளம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். சீட்டில் இரண்டே மாத்திரை. படிக்கத் தெரியாது என்றார். அப்படிப்பட்டவர்களுக்கு, காலை மாத்திரைக் கவரில் சூரியனும் ராத்திரி மாத்திரைக் கவரில் நிலாவும் வரைந்து கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கும் வரைந்தேன். கை வரைந்தது. தலை மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாயி, இந்தச் சின்ன மாத்திரையா காலைல?”

“ஆமா.”

“நல்லாப் பாரு தாயி. காலைலயா?”

“சூரியன் போட்டிருக்குல்லா? காலைலதான்.”

மூன்றாவது தடவையும் கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கத்திவிட்டேன்.

“எத்தன தடவ சொல்ல? தலைல ஏறலன்னா சக்கரத்துல போய் உக்காரும்வே!”

கோயிலில் அம்மன் சந்நிதி முன்னால் தரையில் ஒரு சின்னக் குழி உண்டு. அங்கே மந்திரச் சக்கரம் பதித்திருக்கிறதாம். மனசு சரியில்லாதவர்களை, குணமாகும் என்று அதில் உட்கார வைப்பார்கள். அதனால் எங்கள் ஊரில் ஒருவரைக் கோட்டி என்று திட்ட இந்த ஒரு வார்த்தை போதும்.

வரிசையில் ஒருத்தன் சிரித்தான். “அக்கா இன்னைக்கு ஃபுல் சார்ஜ்ல இருக்கு.”

பெரியவர் சிரிக்கவில்லை. “அங்கன இருந்துதான் வாரேன் தாயி. எம் பொண்டாட்டிய அங்கன உக்கார வச்சிட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அந்தச் சீட்டு எனக்குள் ஏறியது. நான் சாப்பிடும் மாத்திரை. கூட, தூக்கத்துக்கு ஒன்று. சின்னது அதுதான். அதன் கவரில்தான் சூரியன் வரைந்திருந்தேன். அவர் புரியாமல் கேட்கவில்லை. சின்னது ராத்திரிக்கு என்று டாக்டர் சொன்னது நினைவிருந்துதான் கேட்டார். காலையில் அதைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா அடுப்புப் பக்கம் நின்றால் என்ன ஆகும்?

கடையைக் கூட வேலை பார்க்கிறவளிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தினால் அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள்.

அந்த அம்மா குழியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கவரை மடியில் வைத்தபடி அவர். மூச்சு வாங்க நான் போய் நின்றதும் அந்த அம்மா கண்ணைத் திறந்து, “எந்திரிச்சிருதேன், நீங்க உக்காருங்க” என்றாள்.

“நான் அதுக்கு வரல!” சந்நிதியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“மருந்துக்கடைக்கார அம்மா இது” என்றார் அவர்.

“அப்படியா? மூஞ்சியப் பாத்தா நம்மள மாதிரி இருந்துச்சு.”

கவரை வாங்கி, சூரியனை அடித்து நிலா வரைந்தேன். மற்றதில் நிலாவை அடித்துச் சூரியன். “ஒரு சின்ன சந்தேகம், அதான் வந்தேன்” என்றேன். சந்தேகம் இல்லை, தப்பு. அவர் கை எடுத்துக் கும்பிட்டார். “இவ்வளவு தூரம் ஓடி வந்தியே தாயி.” அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது சீட்டை வாய்விட்டுப் படித்துத்தான் மாத்திரை எடுக்கிறேன். தலை ஓடினாலும் வாய் சீட்டோடு இருக்கும். கவரில் வரைந்த பிறகு வாங்குகிறவரையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். “டீச்சர் கடை” என்று கிண்டல் பண்ணுகிறார்கள்.

அவர் மாதம் ஒரு முறை வருகிறார். இன்றும் மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் சொல்கிறேன். “அன்னைக்கு நீர் கேட்டதுதான் சரி, அண்ணாச்சி” என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.