பொறுமையில் வாண்டிங்

என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பெரிய மருத்துவமனையில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறார். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சைக்குப் போடும் பச்சை அங்கி எல்லாம் சலவையிலிருந்து அவர் கைக்கு வந்துதான் வார்டுகளுக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரிப்பைத் தடவி, இது இன்னும் நாலு சலவை தாங்கும், இது தாங்காது என்று சொல்லிவிடுவார். ஓரம் பிரிந்தது ஒன்றுகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. வேலையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது.

கோபம்தான். மூக்குக்கு மேல் வரும். வார்டிலிருந்து ஒரு நர்ஸ் இண்டர்காமில் 'பத்து' என்று ஆரம்பித்தால் போதும். பத்து என்ன, உறையா விரிப்பா, வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பொரிந்துவிட்டு, அந்தப் பெண் மூச்சு விடுவதற்குள் வைத்துவிடுவார். 'அவசர சிகிச்சைப் பிரிவு' என்று நர்ஸுகள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அதே கதைதான். அக்கா ஒரு காலில் செருப்பை மாட்டும்போது இவர் தெருமுனையில் நிற்பார். அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் பாதியில் பிடுங்கி, மீதியைத் தானே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

இரண்டு வருடமாக அவர் துணி அறைக்குத் தற்காலிகத் தலைவர். நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் புதிதாக வந்த நிர்வாகி அம்மா ஒரு மதிப்பீடு எழுதி அனுப்பினார். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் அதில் இருந்தது. மாமா தாளை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் ஒரு லாரி கம்பெனியில் கடிதம் எழுதுகிறவன். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷுக்கு நான்தான் கடைசி கோர்ட்.

வேலையைப் புகழ்ந்து நாலு வரி. கடைசி வரியில், பேஷன்ஸில் இவர் வாண்டிங் என்று இருந்தது. பேஷன்ட்ஸ் என்றால் நோயாளிகள்தானே என்றார் மாமா. எழுத்தைப் பாருங்கள் மாமா, இது பொறுமை என்று திருத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாண்ட் என்றால் வேண்டும், ஆகவே வாண்டிங் என்றால் வேண்டியவர், அமைச்சருக்கு வேண்டியவர் என்கிறோமே அதுபோல இவர் பொறுமைக்கு வேண்டியவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அவரை இருபத்தோரு வருடமாகப் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்த அம்மா, நம் கண்ணுக்குத் தெரியாத எதையோ கண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரை யார் யாரோ எதற்கெல்லாமோ திட்டியிருக்கிறார்கள், பொறுமைக்காக யாரும் பாராட்டியதில்லை. அக்கா தாளை வாங்கிப் படித்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். நன்றிக் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். தாங்கள் சரியாகக் கண்டுகொண்டீர்கள், நான் வாண்டிங்தான், இதை ஒருநாளும் மறக்க மாட்டேன் என்று இங்கிலீஷில் எழுதி, கீழே 'என்றும் வாண்டிங்' என்று போட்டு மாமாவிடம் கையெழுத்து வாங்கினேன்.

அதன்பிறகு மனிதர் ஆளே மாறிவிட்டார். கிடைத்த பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. இண்டர்காமில் 'பத்து' என்று யாராவது ஆரம்பித்தால் மறுமுனையில் அப்படி ஓர் அமைதி. லைன் கட்டாகிவிட்டதா என்று நர்ஸ் கேட்க, இருக்கேன், நீங்க மெதுவா சொல்லுங்க என்பாராம். வீட்டில் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

நாலாம் நாள் நான் அனுப்பிய ஒரு விண்ணப்பம் ஆபீசுக்குத் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் 'சிக்னேச்சர் வாண்டிங்'. நம் கையெழுத்தின் மேல் அந்த அதிகாரிக்கு இவ்வளவு ஆசையா என்று கீழே பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது. அகராதியைப் புரட்டினேன். குறைபாடுள்ள, போதாத, இல்லாத.

அக்கா ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். மதிய இடைவேளையில் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மறுநாளே அகராதியில பார்த்துட்டேன்டா. அவர்கிட்ட சொல்லிடாத."

"வேலை போயிடும்க்கா."

"இப்படியே இருந்தா போகாது. தெரிஞ்சா அன்னிக்கே யாரையாவது கடிச்சு வச்சிடுவாரு. அதுவும் இல்லாம, ஒரு மாசமாவது நான் பேசறத முழுசா கேக்கட்டுமே."

நான் வாயை மூடிக்கொண்டேன். குற்றவாளிக்கு வேறு வழி ஏது.

மாதம் முடிந்த அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா முகம் சுண்டிப்போய் வந்து, ஒரு தாளை மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"முடிஞ்சுபோச்சு மாப்ள. இனிமே வாண்டிங் இல்லேன்னு எழுதிட்டாங்க. நான் வேண்டாமாம்."

எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் வரியில், இன்றுமுதல் இவரே துணி அறையின் நிரந்தரத் தலைவர் என்று இருந்தது. பொறுமைக்கு வேண்டியவர் அதுவரை படிக்கவில்லை. நான் படித்துக் காட்டினேன். அவர் முகம் தெளியவில்லை. வேண்டாதவனுக்கு எதற்கு வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டார். அக்காவைப் பார்த்தேன்.

அக்கா அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். வாண்டிங் என்றால் இல்லாதவர், முதலில் உங்களுக்குப் பொறுமை இல்லை என்று எழுதினார்கள், இப்போது அந்தக் குறை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

மாமா கத்தவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. பழைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அடுத்த நாளே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பழையபடி ஆயிடுவீங்களோன்னு பயம்." என்றாள் அக்கா. எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அந்தம்மா ரெண்டு மாசமாத்தான் என்னைப் பாக்கறாங்க," என்றார் மாமா. "உனக்கு இருபத்தோரு வருஷமும் அப்படித்தான் இருந்துச்சா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் அதற்குள் அவரே ஒரு பதிலைச் சொல்லி எழுந்து போயிருப்பார். அன்று உட்கார்ந்திருந்தார்.

"ஆமா," என்று ஆரம்பித்தாள் அக்கா. அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மாமா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.