விஜயதசமியன்று நின்றுபோன மெஷின் ரம்பம்

எழுபதுகளின் நடுவில், கம்பைநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது இது. அப்போது நான் மரம் அறுக்கும் எட்டுப் பேருக்கு மேஸ்திரி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, போங்கள்.

அந்தப் பக்கத்தில் மெஷின் ரம்பம் வைத்திருந்த ஒரே ஆள் செட் எங்களுடையதுதான். ரோட்டோரப் புளியமரங்களை இரண்டு ஆள் ரம்பத்தில் இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோன பிறகு, எங்கள் கான்ட்ராக்டர் மனசு வந்து மெஷின் வாங்கப் பெங்களூருக்கு அனுப்பினார். நான் தனியாகப் போயிருந்தால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டிய பளபள மெஷினைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். கைக்கு லேசாக, பார்க்க அழகாக இருந்தது. நல்லவேளையாக என்கூட ஒருவர் வந்தார். விவசாயம் பார்த்த கிறிஸ்தவக் குடும்பம், பம்புசெட் இன்ஜினைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. மெஷின் அவர் பொறுப்பு என்பதால் செட்டில் எல்லாரும் அவரை மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கடையில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. கழற்றிக் காட்டச் சொன்னார். காற்று வடிகட்டியை எடுக்க எத்தனை திருகு, செயின் அறுந்தால் இங்கேயே வேறு செயின் கிடைக்குமா, பிளக் எந்த அளவு என்று ஒரு மணி நேரம் கடைக்காரரை உலுக்கி எடுத்துவிட்டார். கடைசியில் எருமைக்கன்று மாதிரி கனமாக இருந்த ஒன்றைக் காட்டி, "இதாங்க மேஸ்திரி. கனமா இருந்தாலும் நம்ம புளியமரத்துக்குத் தாங்கும். ரிப்பேர்னா நாமளே பாத்துக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் நாங்கள் பீடி பற்றவைப்போம், அவர் அரத்தை எடுப்பார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அளவாக மூன்று இழுப்பு. பெட்ரோலில் ஆயில் கலப்பதை யாரிடமும் விடமாட்டார். காலையில் மெஷினை ஓடவிட்டு நுனியை ஒரு வெள்ளைக் கல்லுக்கு நேராகப் பிடிப்பார். செயினுக்கு எண்ணெய் போகிறது என்றால் கல்லில் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் மரத்தில் கை வைப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாளே அவர் தன் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். மெஷின் என்னிடம் இருந்தது. சும்மா ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. செயினைக் கழற்றி, செயின் ஓடும் நீளத் தகட்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இரண்டு முனையிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூ போட்டுக் கும்பிட்டேன். மறுநாள் விடியற்காலை நானே எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். பொட்டை அழிக்க மனசு வரவில்லை.

அன்றைக்குத்தான் விஜயதசமி. கம்பைநல்லூர் பக்கத்துத் தோட்டக்காரர் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்த காற்றில் அவர் வீட்டோரப் புளியமரம் வேர் தூக்கி நின்றது. இன்னொரு மழை பெய்தால் வீட்டின் மேல்தான் விழும். அவரும் சம்சாரமும் மூன்று பிள்ளைகளும் நாலு நாளாக மாட்டுக்கொட்டகையில் படுத்திருந்தார்கள். வானம் கருகருவென்று இருந்தது.

மெஷின்காரர் முதல் பஸ்ஸில் ஊரிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார். மெஷினைக் கையில் வாங்கி, வழக்கம்போல ஒரு கல்லைத் தேடினார். நான்தான் அவசரப்படுத்தினேன். "நல்ல நேரம் போயிட்டிருக்குதுய்யா. கற்பூரம் ஏத்தியாச்சு. கல்லு கில்லுன்னு தேடிக்கிட்டு நிக்காத, மொதல்ல மரத்துல வை" என்றேன். எண்ணெயை மட்டும் விளிம்பு வரை ஊற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

வயல் பக்கம் இழுக்கக் கயிறு கட்டி, நாலு பேர் பிடித்திருந்தார்கள். வயல் பக்க வெட்டு நன்றாகத்தான் விழுந்தது. பின்பக்கம் பாதி அறுத்திருப்பார், புகை வந்தது. மரத்தூள் கருகுகிற வாடை. அவர் மெஷினை வெளியே இழுப்பதற்குள் செயின் பட்டென்று அறுந்து, அவர் முழங்காலை உரசிக்கொண்டு மண்ணில் விழுந்தது. காக்கிக் கால்சட்டை ஒரு சாண் கிழிந்து தொங்கியது.

அடிபட்டதா என்று கேட்க வேண்டியவன் நான். ஆனால் பாதி அறுத்த மரம் வீட்டோரம் நிற்கிறது, தோட்டக்காரர் சம்சாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறார், எட்டுப் பேருக்கு மேஸ்திரி என்ற கெத்து வேறு. வாயில் வந்ததைக் கொட்டினேன்.

"எண்ணெய் ஊத்துனியா இல்லியாய்யா? நேத்து பூசைக்குத்தான் வரல. இன்னிக்கு வேலையாவது ஒழுங்கா பாக்கக் கூடாதா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "ஊத்தினனுங்க மேஸ்திரி" என்று மட்டும் சொல்லி, எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினார். விளிம்பு வரை இருந்தது. அவ்வளவு நேரம் ஓடியும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கொட்டகை ஓரம் போனார். நானும் பின்னாலேயே போனேன், இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருந்தது. தகட்டைக் கழற்றி, அதன் அடிமுனையில் எண்ணெய் நுழைகிற சின்ன ஓட்டையில் கம்பியை விட்டுக் குடைந்தார். கம்பி நுனியில் மஞ்சளாகக் கட்டிக் கட்டியாக வந்தது. குனிந்து பார்த்தேன். சூட்டில் வெந்திருந்தாலும் வாசனை போகவில்லை. சந்தனம்.

நேற்று என் கையால் அப்பியது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்கள் பார்க்காதபடி முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியைத் தன் கால்சட்டையிலேயே துடைத்தார். தகட்டின் பிசிரை அரத்தால் தேய்த்து, இன்னொரு செயினை மாட்டி, மெஷினை ஓடவிட்டுக் கல்லுக்கு நேராகப் பிடித்தார். பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறித்தது. அரை மணி நேரத்தில் மரம் கயிறு இழுத்த பக்கம் வயலில் போய்ப் படுத்தது. வீட்டின் ஒரு ஓடுகூட அசையவில்லை. பிள்ளைகள் மூன்றும் கொட்டகையிலிருந்து பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடின.

தோட்டக்காரர் சம்சாரம் எல்லாருக்கும் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். எனக்கு இறங்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் களியை உருட்டிக்கொண்டே, "பூசைக்கு வராதவங்க கையில மெஷின குடுத்தா இப்பிடித்தான் ஆவும். வேற ஆள மாத்திடலாங்க மேஸ்திரி" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் கோபத்தில் விட்ட வார்த்தை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அவர் வேலையைப் பறிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மெஷின்காரர் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் எங்கள் இரண்டு பேரோடு போயிருக்கும். இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றேன்.

"யாரையும் மாத்த வேணாம். எண்ணெய் ஓட்டைய அடச்சது நான் வச்ச சந்தனம். காலைல பாக்குறேன்னவர பாக்க வுடாதவனும் நான்தான். அந்தாளு காலு போயிருக்கும். அடி பட்டுச்சான்னுகூடக் கேக்காம கத்திட்டேன். தப்பு அத்தனையும் என்னுது."

நான் அப்படிப் பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை. மெஷின்காரர்தான் முதலில் பேசினார்.

"வுடுங்க மேஸ்திரி. நீங்க நல்லது நெனச்சுத்தான் பூசை போட்டீங்க. அந்த எடத்துல ஓட்டை இருக்குதுன்னு இத்தன நாளா நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. பாதி தப்பு என்னுதுங்க" என்று சொல்லி, இன்னொரு உருண்டை களி கேட்டார்.

அந்த மெஷின் பல வருஷம் எங்களுக்கு உழைத்தது. நாங்களும் கடைசிவரை ஒரே செட்டாகத்தான் இருந்தோம், சந்தோஷமாகவே இருந்தோம். ஆனாலும் யார் மேலாவது குரலை உயர்த்த வாய் திறக்கும்போதெல்லாம், தன்மேல் இல்லாத தப்பில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்ட அந்த மனிதர் முன்னால், என் தப்பு முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு நின்ற என்னை நானே பார்த்துவிடுகிறேன்.